டிஜிட்டல் கேமராவும் மின்சாரமும்: ஒரு சின்ன வரலாறு

ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டது. ஊட்டியில் பெரிய தொழிற்சாலை, அம்பத்தூரிலும் ஒரு பிரிவு. 1967ல் ஊட்டியில் உற்பத்தி ஆரம்பித்தது. "இந்து" என்ற பெயரில் ஃபிலிம்கள் வந்தன. அந்தக் காலத்தில் இருந்த அக்ஃபா கிளிக் 3 போன்ற கேமராக்களுக்குள் பேட்டரியே கிடையாது. ஷட்டரை ஒரு ஸ்பிரிங் இயக்கியது. வெளியே மாட்டும் பிளாஷுக்கு மட்டும்தான் பேட்டரி தேவைப்பட்டது.

டிஜிட்டல் கேமராவில் கதையே வேறு. 1975ல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ எடை. 100 x 100 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அதற்கே 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள் வேண்டியிருந்தன!

ஏன் இவ்வளவு? கேமராவுக்குள் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வோல்ட் கேட்கும். படத்தைப் பிடிக்கும் சிசிடி சென்சாருக்கு 15 வோல்ட் அளவிலும், கூடவே மைனஸ் 7, 8 வோல்ட்டும் வேண்டும். கணக்குப் போடும் சிப்புக்கு 1 முதல் 2 வோல்ட் போதும். பிளாஷின் கெபாசிட்டருக்கோ சுமார் 300 வோல்ட். பேட்டரி கொடுப்பது 3 வோல்ட் சொச்சம்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது கன்வர்ட்டர் சுற்றுகள். ஒரு சின்ன காயிலில் மின்சாரத்தை விநாடிக்குப் பல லட்சம் தடவை விட்டு விட்டுச் செலுத்தினால், வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பிளாஷ் கெபாசிட்டர் நிரம்பத்தான் சில விநாடிகள் ஆகும். தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபர் தவிப்பது இதனால்தான்.

2000களில் பென்சில் பேட்டரி போட்ட கேமராக்கள் பத்து இருபது படத்திலேயே அணைந்துவிடும். கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அதே பேட்டரி மாதக்கணக்கில் ஓடும். பேட்டரி டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. உண்மையில், சாதாரண ஆல்கலைன் பேட்டரியின் உள்தடை அதிகம். லென்ஸ் மோட்டாரும் திரையும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்ட் சரிந்துவிடும். பாதிப் படத்தில் நின்றால் கார்டில் உள்ளதும் கெடலாம் என்பதால் கேமரா முன்கூட்டியே அணைந்துகொள்ளும்.

இரண்டு மாற்றங்கள் நிலைமையைச் சரிசெய்தன. 1991ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990களில் நாசாவின் ஜெபிஎல் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழு உருவாக்கிய சிமாஸ் சென்சார், சிசிடியைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்தது. கேமரா செல்போனுக்குள் போனது இதற்குப் பிறகுதான்.

ஊட்டி நிறுவனம் 1990களின் நடுவிலேயே நலிவடைந்துவிட்டது. டிஜிட்டல் அலை அதை மீளவிடவில்லை. 2014ல் மீதமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அரசு அனுமதித்தது.

கழுவிப் பிரிண்ட் போட்ட "இந்து" ஃபிலிம் படத்தை இன்றும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பார்க்கலாம். மெமரி கார்டில் இருக்கும் படத்தைப் பார்ப்பதற்கோ மறுபடியும் மின்சாரம் வேண்டும்.