ஏணிப்படி அட்டையும் விரைவுக் குறியீடும்: தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளில் கற்றல் வளங்களின் இடப்பெயர்ச்சி

தமிழ்நாட்டின் சிறுபிள்ளைகளுக்கு இணையவழிக் கற்றல் வளங்கள் வந்த கதையை, 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டதிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்தைய முப்பதாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு கேள்வி எழும்: அந்தந்தக் காலத்தில் கற்றல் வளம் யார் கையில் இருந்தது?

ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையம், 1980-களின் பிற்பகுதியில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. ஒரே அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள். பத்மநாப ராவ், ராமா தம்பதியர் பாடங்களைச் சிறுசிறு செயல்பாடுகளாகப் பிரித்து அட்டைகளாக்கினர். எந்த அட்டைக்குப் பின் எது என்பதை ஓர் ஏணிப்படம் காட்டியது. ‘பெட்டிக்குள் பள்ளி’ என்று இம்முறை பெயர் பெற்றது.

எம்.பி. விஜயகுமார் 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, இந்த முறை செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. பிறகு அது 264 பள்ளிகளுக்கு விரிந்து, 2007-08-இல் மாநிலமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளை எட்டியது.

அந்த வகுப்பறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தனர். சுவரின் அடியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. வருகையைப் பிள்ளையே குறித்துக்கொண்டது. ஏணியில் தன் படி எது என்று பார்த்து, அதே படச்சின்னம் உள்ள தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்கார்ந்தது. ஆசிரியர் உதவி முழுதாகத் தேவைப்படும் குழு, ஓரளவு தேவைப்படும் குழு, கூடப் படிப்பவர் உதவும் குழு என்று ஆறு குழுக்கள் இருந்தன. மதிப்பீடும் ஓர் அட்டைதான். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை, திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே ஏறலாம். அவரவர் வேகத்தில் கற்கலாம் என்று இன்றைய கல்விச் செயலிகள் விளம்பரம் செய்கின்றனவே, அதை அந்தத் தட்டுகள் மின்சாரம் இல்லாமலே செய்தன. அட்டைகளுக்கு ஒரு பலவீனமும் உண்டு: ஒன்று கிழிந்தாலோ தொலைந்தாலோ ஏணியில் ஒரு படியே போய்விடும்.

படியெடுக்கச் செலவில்லாத வளம் வேறொரு வாசல் வழியாக ஏற்கெனவே வந்திருந்தது. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், மழலைக் கல்வி என்ற பிரிவில் பாடல், கதை, உரையாடல் ஆகியவற்றை ஒலியோடும் அசைபடத்தோடும் தந்தது. அது பெரிதும் புலம்பெயர்ந்தோர் வீட்டுக் குழந்தைகளை மனத்தில் வைத்து உருவானது. வீட்டுக் கணினியும் பக்கத்தில் ஒரு பெரியவரும் இருந்தால்தான் பயன்பட்டது. மாநகராட்சிப் பள்ளியின் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த வாசல் தெரியாது.

2012-13-இல் முப்பருவ முறை வந்தபின் பாடநூல் மீண்டும் நடுநாயகமாயிற்று. 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு (QR) அச்சானது. அதைத் திக்‌ஷா என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியே திறந்தால் காணொளிகள் கிடைத்தன. முதல் வகுப்பு நூலிலும் குறியீடு இருந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் கைபேசி ஏது? அட்டை பிள்ளையின் கையில் இருந்தது; காணொளியோ ஆசிரியரின் கைபேசிக்குப் போனது. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கடிகாரத்தை வைத்தது. பெருந்தொற்றின்போது கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பியது. தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன.

அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலைநேரத் தன்னார்வலர்களை நம்பியது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பயிற்சி நூல்களையும் பாட்டையும் ஆட்டத்தையும் மறுபடி வகுப்புக்குள் கொண்டுவந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தியது. ஏணியின் சாயல் இதில் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் மதிப்பீடு செயலிக்குள் போய்விட்டது. பதிவேற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைவதாக ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டு வந்துள்ளன. முன்பு ஏணிப்படத்தில் விரல் வைத்துத் தன் படியைக் காட்டிய பிள்ளை, தான் அரும்பா மொட்டா என்பதை அறிய இப்போது ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.