மலாக்காக் குன்றின் கூரையில்லாக் கோயில்



மலாக்காவுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிப் பிள்ளைகள் குன்றின் படிகளில் ஓட்டமாய் ஏறுவார்கள். மேலே நிற்கும் வெறும் சுவர்களைக் கண்டதும், "இவ்வளவுதானா, ஐயா?" என்று கேட்பார்கள். கூரை இல்லை, பீடம் இல்லை, சுரூபம் இல்லை. உண்மைதான். ஆனால், ஒரு பழைய கோயிலை எப்படிக் கட்டினார்கள் என்று அறிய வேண்டுமானால், பூச்சு உதிர்ந்து உள்ளிருக்கும் கல் வெளியே தெரியும் இந்தச் சுவர்களைப் போல் நமக்கு உதவுவது வேறொன்றில்லை.

1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தான். குன்றின் அடிவாரத்தில் கோட்டை எழுந்தது. அந்தக் கோட்டைக்குப் பள்ளிவாசல்களிலிருந்தும் சுல்தான்களின் கல்லறைகளிலிருந்தும் கல் பெயர்த்து எடுக்கப்பட்டது என்பதை நாம் மறைத்துப் பேசக்கூடாது. பத்து ஆண்டுகள் கழித்து, 1521இல், துவார்த்தே கொயெல்லோ என்ற போர்த்துக்கீசியர் குன்றின் உச்சியில் தேவமாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். கடலில் புயலுக்குத் தப்பியதற்காகச் செய்துகொண்ட நேர்த்திக்கடன் அது என்பார்கள்.

1548இல் இவ்வாலயம் இயேசு சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் இங்கே ஒரு பள்ளியும் நடத்தினார்கள். 1556இல் ஆலயத்தை உயர்த்தி இரண்டாம் தளம் கட்டினார்கள். 1590இல் மணிக்கோபுரம் சேர்ந்தது. சிற்றாலயம் பெருங்கோயிலாக வளர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

இப்போது கல்லைப் பார்ப்போம். நம் தோட்டத்துச் சாலைகளில் மிதிபடும் சிவப்புக் கல் இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். செம்பாறைக் கல் என்று சொல்லலாம். மண்ணிலிருந்து எடுக்கும்போது கருவிக்கு இணங்கி வெட்டுப்படும். வெயிலும் காற்றும் பட்டபின் இறுகிவிடும். அருகிலேயே கிடைப்பது, கட்டுவதற்கு எளிது. ஆனால் ஒரு குறை உண்டு. உடம்பெல்லாம் பொத்தலும் சொரசொரப்பும் உள்ள இக்கல்லில் பூவேலையோ முகவேலையோ செய்ய முடியாது. ஐரோப்பாவின் பெருங்கோயில்களில் சிற்பி உளியால் செய்ததை இங்கே கொத்தனார் சுண்ணாம்புக் காரையால் செய்ய வேண்டியிருந்தது. மலாக்காக் கோயில் எளிமையாகத் தோன்றுவதற்குக் கல்லின் குணமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உள்ளே நின்று பாருங்கள். நடுவில் தூண் வரிசை கிடையாது. நீளமான ஒரே கூடம். ஆகவே கூரையின் பாரம் முழுவதையும் பக்கச் சுவர்களே தாங்கின. சுவர்கள் ஏன் அத்தனை கனம் என்பது இப்போது விளங்கும். சன்னலின் ஓரத்தில் கையை நீட்டினால் அந்தக் கனம் தெரியும்.

பீடம் இருந்த பகுதியில் கம்பி வலை போட்ட ஒரு குழியைக் காணலாம். புனித சவேரியாரின் உடல் சில மாதங்கள் இருந்த இடம் என்று அதைக் காட்டுகிறார்கள். தமிழர்களாகிய நமக்குச் சவேரியார் அந்நியர் அல்லர். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து கற்பித்தவர். 1545இல் முதன்முதலாக மலாக்கா வந்தார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் காலமானார். மறு ஆண்டு மார்ச்சில் உடல் இங்கே கொண்டுவரப்பட்டு, பின்னர் கோவாவுக்குச் சென்றது.

1641இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் கிறிஸ்தவர்களே, ஆனால் சுரூபங்களை வழிபாட்டில் வைக்காத சபையினர். கோயிலுக்குப் புனித பவுலின் பெயரிட்டுத் தங்கள் முறைப்படி நூறாண்டுக்கு மேல் தொழுதார்கள். 1753இல் கீழே அவர்களுடைய கிறிஸ்து ஆலயம் கட்டி முடிந்தது. அதற்குப் பின் குன்றின் கோயில் இடுகாடாயிற்று. ஆங்கிலேயர் வந்து வெடிமருந்து வைக்கவும் பயன்படுத்தினர். முன்புறத்தில் கலங்கரை விளக்கமும் கட்டினர்.

சுவர்களில் சாய்த்து வைத்திருக்கும் பெரிய கல்லறைப் பலகைகளை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். இவை கருங்கல். குலச்சின்னங்களும் எழுத்துகளும் இன்னும் கூர்மையாக நிற்கின்றன. செம்பாறையில் வராத வேலை இங்கே வந்திருக்கிறது. 1598இல் இறந்த ஜப்பான் நாட்டு ஆயர் ஒருவரின் கல்லும் அவற்றுள் ஒன்று.

சரி, 1641க்குப் பின் கத்தோலிக்க மக்கள் எங்கே போனார்கள்? வெளிப்படையாக வழிபடத் தடை இருந்தது. வீடுகளிலும் மறைவிடங்களிலும் கூடினார்கள். கெடுபிடி தளர்ந்தபின், 1710இல், நகர மதிலுக்கு வெளியே புனித பேதுரு ஆலயம் எழுந்தது. நிலத்தைக் கொடையாகத் தந்தவர் மதம் மாறிய ஒரு டச்சுக்காரரே! முகப்பில் மேற்கும் கிழக்கும் கலந்த அமைப்பு, உள்ளே வளைந்த கூரை, இலைவேலை கொண்ட தூண்தலைகள். 1608இல் கோவாவில் வார்த்த மணியும் அங்கே உண்டு. ஆலயத்தைவிட நூறாண்டு மூத்த மணி.

மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்க ஆலயங்களுள் அதுவே மிகப் பழையது. மரித்த ஆண்டவரின் ஆளுயரச் சுரூபம் அங்கே இருக்கிறது. பெரிய வெள்ளியன்று, போர்த்துக்கீசிய வழிவந்த மலாக்கா மக்கள் கையில் மெழுகுவத்தி ஏந்தி அதன் பின்னே நடப்பதைக் காணலாம்.