சிறுநீரகக் காப்பில் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நானோபொருள்கள்: ஒரு வரலாற்று நோக்கு

1941ஆம் ஆண்டில், இலண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு நேர்ந்த சிறுநீரகச் செயலிழப்பைப் பைவாட்டர்ஸ், பீல் ஆகியோர் பதிவு செய்தனர். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மையோகுளோபின் சிறுநீரக நுண்குழல்களை அடைந்து, தன்னிலுள்ள இரும்பால் ஆக்சிஜனேற்றச் சேதம் விளைவிக்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கிளிசராலைத் தசையில் செலுத்தி அந்நிலையைச் சுண்டெலியில் உருவாக்குவது இன்று வழக்கமான ஆய்வுமுறையாகும்.

மெக்கார்ட், ஃபிரிடோவிச் இருவரும் 1969இல் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் செயலை வெளிப்படுத்தியதே இத்துறையின் அடித்தளம். ஆயினும் மருந்தாகப் பயன்பட்ட தடுப்பிகளின் வரலாறு ஏமாற்றமே அளிக்கிறது. எக்ஸ்-கதிர்ப் படத்திற்கான சாயத்தால் சிறுநீரகம் பழுதுறுவதை அசிட்டைல்சிஸ்டீன் தடுப்பதாக 2000ஆம் ஆண்டில் 83 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு கூறியது. அதனைப் பின்பற்றி உலகெங்கும் அம்மருந்து வழங்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 நோயாளிகளை உட்படுத்தி 2018இல் வெளியான பிரிசர்வ் ஆய்வு அதில் பயன் ஏதும் காணவில்லை.

நானோபொருள்கள் இரு வகையில் வேறுபடுகின்றன. முதலாவது, வினையாற்றியபின் மீளும் திறன். சீரியம் ஆக்சைடுத் துகள்களில் சீரியம் இரு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே மாறி மாறி இயங்குவதால், அவை மேற்கூறிய நொதியைப் போன்றே செயற்படுவதை 2007இல் புளோரிடா ஆய்வாளர்கள் காட்டினர். இரண்டாவது, சென்றடையும் இடம். 5.5 நானோமீட்டருக்குக் குறைந்த குவாண்டம் புள்ளிகள் சிறுநீர்வழி விரைந்து வெளியேறுவது அதே ஆண்டில் அளந்தறியப்பட்டது. 2018இல் மாலிப்டினக் கொத்துகளும், மடித்தமைத்த டி.என்.ஏ. வடிவங்களும் சுண்டெலியின் சிறுநீரகத்தில் மிகுதியாகச் சேர்ந்து பாதிப்பைக் குறைத்தன. டி.என்.ஏ. வடிவங்கள் அவ்வளவிற் பெரியவை என்பதால், அளவு ஒன்றே சேர்தலைத் தீர்மானிப்பதாகக் கொள்ளவியலாது.

எனினும் இவ்வெற்றிகளை அசிட்டைல்சிஸ்டீனின் தொடக்கத்தோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும். கிளிசரால் செலுத்திய நேரம் ஆய்வாளருக்குத் தெரியும். குருதி நச்சுப்பாட்டில் நோயாளியின் கிரியாட்டினின் உயரும்போதோ சேதம் முன்னரே நிகழ்ந்திருக்கும். நசுங்கற் காயம் இதற்கு விலக்கு. கட்டடம் சரிந்த நேரம் அறியப்பட்டதே. இடிபாட்டுக்குள் இருக்கும்போதே சிரைவழி நீர்மம் செலுத்துவது இன்று பரிந்துரைக்கப்படும் முறை. மனிதரிடத்துச் சோதனை தொடங்குமாயின், 1941இல் விவரிக்கப்பட்ட அந்நோயாளிகளைப் போன்றோரிடமிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.