சூடு இல்லாமல் மோப்பம் பிடிக்குமா?

ஜெர்மானியத்தின் மேற்பரப்பைச் சுற்றியுள்ள வாயு மாறினால் அதன் மின் குணமும் மாறுகிறது என்று பிராட்டைனும் பார்டீனும் 1953லேயே எழுதிவிட்டார்கள். டிரான்சிஸ்டர் ஆட்களுக்கு அது ஒரு தொல்லை. அதையே வேலையாக மாற்றியது ஜப்பான்.

1962இல் க்யூஷூ பல்கலைக்கழகத்தின் செய்யாமா, சூடாக்கிய துத்தநாக ஆக்சைடு படலம் வாயுவைக் கண்டுபிடிக்கும் என்று காட்டினார். அதே வருடம் தகுச்சி நாவோயோஷி வெள்ளீய ஆக்சைடை வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது ஜப்பானிய வீடுகளில் புரோபேன் சிலிண்டர் பரவிக்கொண்டிருந்தது, கசிந்து வெடிப்பதும்தான். தகுச்சியின் கவலை அதுதான். 1969இல் அவர் தொடங்கிய ஃபிகாரோ நிறுவனத்தின் 'டிஜிஎஸ்' என்ற பெயரில் உள்ள 'டி' அவர்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. காற்றில் உள்ள ஆக்சிஜன் ஆக்சைடு துகளின் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்தடை ஏறும். எரியும் வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும், எலக்ட்ரான் திரும்பி வரும், தடை இறங்கும். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி துளி பல்லேடியம் சேர்த்தால் வினை வேகமாகும். ஆனால் இதெல்லாம் 300, 400 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக நடக்கும். ஆர்டுயினோவில் எம்க்யூ-2 மாட்டினவங்க தொட்டுப் பார்த்திருப்பீங்க, சுடும். உள்ளே ஹீட்டர். முக்கால் வாட்டுக்கு மேலே அதற்கே போய்விடும். பேட்டரியில் எத்தனை நாள் ஓடும்?

நானோ துகள்களின் கதை இங்கேதான் நுழைகிறது. வெள்ளீய ஆக்சைடு துகள் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்தால் உணர்திறன் திடீரென்று ஏறுகிறது என்று 1991இல் யமசோயே குழு காட்டியது. ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடுங்கும் மேற்பரப்பு அடுக்கு 3 நானோமீட்டர் ஆழம். அவ்வளவு சின்னத் துகளில் அது இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து முழுத் துகளையும் விழுங்கிவிடும். அப்புறம் பல்லேடியம், தாமிரம், வெள்ளி என்று ஒவ்வொன்றாகக் கலந்து, ஹீட்டரே வேண்டாம் என்று சொல்லும் கட்டுரைகள் குவிந்தன.

எனக்கு அவற்றின் மேல் பாதி நம்பிக்கைதான். அறை வெப்பத்தில் நீராவி அதே மேற்பரப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒட்டிய வாயுவும் லேசில் விலகாது; மீண்டு வர நிமிடக்கணக்கில் ஆகலாம். புற ஊதா விளக்கு அடித்து விரட்டுகிறார்கள். விளக்குக்கும் மின்சாரம் வேணுமே! அதனால் இப்படிப்பட்ட கட்டுரை கிடைத்தால் நான் முதலில் தேடுவது உணர்திறன் எண்ணை அல்ல, சோதனை எவ்வளவு ஈரப்பதத்தில் நடந்தது என்பதை.

இதற்கிடையே சிலிக்கான் சில்லில் மிகச் சிறிய ஹீட்டர் செதுக்கி, மின்செலவைச் சில பத்து மில்லிவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள். கடையில் வாங்கக் கிடைப்பதில் பெரும்பாலும் இன்னும் ஹீட்டர் இருக்கிறது.