மீண்டோர் அனுபவமும் அதன் கூலியும்: சக ஆதரவாளர் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குடியிலிருந்து மீண்ட ஒருவர் அதே துன்பத்தில் உழலும் இன்னொருவருக்குத் துணைநிற்பது நெடுங்கால வழக்கமாகும். அத்துணையைப் பயிற்சியாலும் சான்றிதழாலும் ஒரு தொழிலாக அமைத்தமை அண்மைக்கால நிகழ்வு. 'சக ஆதரவாளர்' எனப்படும் இத்தொழிலாளரைப் பயிற்றுவிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடத்திட்டத்தோடு நின்றுவிடுகின்றது. அவரது அனுபவம் எத்தகைய சமூக உறவுகளிடையே உருவாயிற்று, அதற்குக் கூலி கொடுப்போர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. மாத்தளை மாவட்டத்துக் கலேவெலவை மனங்கொண்டு அவ்வினாக்களை நாம் இங்கு எழுப்ப முனைகின்றோம்.

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்கும் திருகோணமலைக்கும் செல்லும் பெருவீதியில் அமைந்த சந்தி நகரம் கலேவெல. சிங்கள விவசாயிகளும் முஸ்லிம் வியாபாரிகளும் அங்கு வாழ்கின்றனர். மாவட்டத்தின் தெற்கே, மலைச்சரிவுகளில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழ்கின்றனர். இம்மக்களின் குடிப்பழக்கத்தைத் தனிமனிதப் பலவீனமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விட்டுப் பெருவருவாய் ஈட்டியது குடியேற்ற அரசு. அக்குத்தகையால் திரண்ட மூலதனம் இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்திற் பெற்ற முக்கியத்துவத்தைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆய்வுநூலில் எடுத்துக்காட்டியுள்ளார். தவறணையிற் செலவான கூலி ஒருபுறம் அரசிறையாகவும் மறுபுறம் மூலதனமாகவும் மாறியது.

இதற்கெதிராக 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டெழுந்தது. அதன் ஏகாதிபத்திய எதிர்ப்புப் பண்பை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் மேடையிற் பேசியோர் பெரும்பாலும் செல்வரும் கற்றோரும் மதகுருமாருமே. குடித்தவர் அறிவுரைக்கு இலக்கானாரேயன்றி, அறிவுடையவராகக் கொள்ளப்படவில்லை.

குடித்தவரை அறிவுடையவராகக் கொள்ளும் நோக்கு வேறிடங்களில் உருவாயிற்று. பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில், மனநோயாளர் பகுதியை நிருவகித்த புசேன் தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்தவர். அவரே அங்கு நோயாளியாக வந்து குணமடைந்தவர். குணமடைந்தோரையே பணியாளராக அமர்த்துவது அவரது வழக்கம். 1793இல் அங்கு பொறுப்பேற்ற மருத்துவர் பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார். ஆயினும் சீர்திருத்தத்தின் புகழிற் பெரும்பகுதி மருத்துவருக்கே உரியதாயிற்று. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியோடு போராடிய இருவரின் சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தோன்றியது. ஒருவர்க்கொருவர் செய்யும் இத்துணை ஊதியத் தொழிலாகலாகாது என்பதும், பொதுவெளியிற் பெயர் மறைந்திருத்தல் வேண்டும் என்பதும் 1950இல் அவ்வமைப்பு ஏற்ற மரபுகளாகும்.

இம்மரபுக்கு மாறான போக்கு 1999இல் வலுப்பெற்றது. அவ்வாண்டில் ஜோர்ஜியா மாநிலம், வறியோருக்கான அரச மருத்துவக் காப்புத் திட்டத்தின்கீழ், சக ஆதரவுக்குக் கட்டணம் வழங்கத் தொடங்கியது. 2007இல் ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசு பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை ஆகியவற்றை இதற்கு நிபந்தனைகளாக்கியது. தோழமை இவ்வாறு கூலியுழைப்பாயிற்று. இது முன்னேற்றமும் முரண்பாடும் ஆகும். அனுபவம் ஊதியத்துக்குரிய அறிவாக ஏற்கப்பட்டமை முன்னேற்றம். அவ்வறிவை மருத்துவப் படிநிலையின் கீழ்த்தட்டில் மலிந்த உழைப்பாக இருத்தும் வாய்ப்பு முரண்பாடு.

இலங்கையில் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நீதிமன்ற ஆணையால் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. கட்டாயத்தின் நிழலிலிருந்து திரும்புபவரை ஊரில் எதிர்கொள்பவர் யார் என்பதே கலேவெல போன்ற ஊர்களின் வினா.

அங்கு ஒரு பயிற்சியை ஒழுங்கிணைக்க முனைவோர் மூன்று விடயங்களை எதிர்கொள்ள நேரிடும். முதலாவது, நாட்கூலி. வெங்காயப் பாத்தியிலோ லொறியிலோ வேலைசெய்பவர் ஒருநாள் பயிற்சிக்கு வந்தால் அந்நாளின் கூலியை இழக்கின்றார். அதனை ஈடுசெய்யாத பயிற்சி வசதியுள்ளோரையே தெரிந்தெடுக்கும். இரண்டாவது, பெயர். பெருநகரில் தகைமையாகும் சான்றிதழ் சிறுநகரில் கடந்தகாலத்தின் பகிரங்க அறிவித்தலாகும். மகளின் திருமணப் பேச்சுவரை அது தொடரும். தமது கதையில் எதனை, எவரிடம், எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பயிற்சி பெறுபவருக்கே உரியது. மூன்றாவது, பொறுப்பின் எல்லை. கடுங்குடியைத் திடீரென நிறுத்துபவருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்படலாம், உயிராபத்தும் உண்டு. அந்நிலையில் துணைவரின் கடமை அவரை மருத்துவமனையிற் சேர்ப்பதேயன்றி, வீட்டில் வைத்துத் தேற்றுவதன்று. மற்றவரின் துயரைக் கேட்கும் துணைவரும் மீண்டும் வழுவக்கூடும் என்பதால், அவருக்குக் கிரமமான மேற்பார்வையும், வழுவினால் தண்டனையின்றி ஓய்வும் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் சமமாக நடைபெறாத பயிற்சி இவற்றுள் எதனையும் முழுமையாகச் சாதிக்காது.

ஒருகாலத்தில் உழைப்பவரின் கூலி தவறணைக்குச் சென்றது. இன்று அவர் மீண்டுவந்து பெற்ற அறிவு கூலியின்றிச் 'சேவை' என்னும் பெயரிற் பெறப்படுமாயின் சுரண்டலின் வடிவமே மாறியதாகும். ஆகவே சக ஆதரவாளரைத் தொண்டராக அன்றித் தொழிலாளராக, ஊதியமும் விடுமுறையும் அமைப்பாகும் உரிமையும் உடையவராக ஏற்பதிலிருந்தே பயிற்சித் திட்டம் தொடங்குதல் வேண்டும். பாடத்திட்டம் அதன் பின்னரே வரைவதற்குரியது.