குற்றவாளிக் கூண்டில் யார்?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரவே முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நடுவுல நாலு நாள் லீவு கிடைச்சுது, ஊருக்கு ஓடிட்டேன். ஊர்னா குன்னத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. அங்க நடந்த ஒரு கூத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. உள்ள கொஞ்சம் வரலாறும் வரும், பொறுமையாப் படிங்க.

எங்க பெரியம்மா பொண்ணு பக்கத்து ஊர்ல டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல். "தொழிற்புரட்சி பாடம்டா தம்பி. ஜேம்ஸ் வாட்டு, நீராவி எந்திரம், மான்செஸ்டர்னு அப்படியே ஒப்பிக்குதுங்க. மண்டைக்குள்ள ஒண்ணும் போகல. ஏதாச்சும் யோசனை சொல்லேன்"னுச்சு.

இஞ்சினியரிங் படிச்ச திமிர் இருக்குல்ல? "வகுப்புலயே ஒரு கோர்ட் வச்சிடலாம்க்கா. தொழிற்சாலையத் தூக்கிக் கூண்டுல நிறுத்திடுவோம்"னு அள்ளி விட்டேன். சினிமா கோர்ட் பாக்காத பிள்ளைங்க உண்டா? ஜோரா கிளம்பிட்டாங்க.

அரசுத் தரப்பு வக்கீலா வந்த பொண்ணு வெளுத்து வாங்கிடுச்சு. நெசவாளி வயித்துல அடிச்சது, ஊரைப் புகைக்காடா ஆக்குனது, குழந்தைங்கள வேலை வாங்குனதுன்னு மூணு குற்றச்சாட்டு. நான் என் பங்குக்கு ஒரு சாட்சியம் கொடுத்தேன். 1881ல வந்த இந்தியாவோட முதல் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, 7 வயசு ஆகாத குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. அப்ப 7 வயசு முடிஞ்சா? வைக்கலாம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வரைக்கும்! 1891ல தான் அந்த வயசு 9 ஆச்சு. ஏழு வயசுன்னா ரெண்டாவது படிக்கிற பிள்ளை. வகுப்பே கப்சிப்.

'குற்றவாளி, இழுத்து மூடு'ன்னு தீர்ப்பு வரப்போற நேரம், கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், மூடிட்டா எங்கப்பா எங்க சார் போவாரு?"

அவங்கப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவர். எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு: அரியலூர் சுத்துவட்டாரம் பூரா மண்ணுக்கடியில சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அந்தாண்ட டால்மியாபுரத்துல 1939லயே சிமெண்ட் ஆலை வந்துச்சு, அரியலூர்ல 1979ல அரசு சிமெண்ட் ஆலை வந்துச்சு, அப்புறம் தனியார் வந்தாங்க. லாரி போற ரோட்டோரம் பருத்திச் செடி மேல புழுதி படியறதும் நிஜம், அந்த லாரியால பல வீட்டுல அடுப்பு எரியறதும் நிஜம். எந்திரத்தைக் கூண்டுல ஏத்துனா வழக்கு நிக்காதுன்னு அந்தப் பையன் ஒரே கேள்வில புரிய வச்சிட்டான். கோர்ட் ஒத்திவைப்பு!

ராத்திரி பூரா அதே யோசனை. நிஜமா இப்படி ஒரு வழக்கு நம்ம ஊர்ல நடந்திருக்கா? நடந்திருக்கு. சினிமா சண்டைக் காட்சிகள்ல அடிக்கடி பார்த்திருப்பீங்களே, சென்னை பின்னி மில். அதாவது பெரம்பூர் பக்கத்து பக்கிங்ஹாம் - கர்நாடிக் மில்கள். மறுநாள் அந்த வழக்கையே எடுத்தோம்.

கதைச் சுருக்கம் இதுதான். 1911 சட்டப்படி துணி ஆலையில ஒரு ஆம்பள ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்கலாம். மத்தியானம் சோறு திங்கவே நேரம் பத்தலைன்னு தொழிலாளிங்களுக்குக் குறை. அவங்க படுற பாட்டைக் கண்ணால பார்த்த வியாபாரிகள் ரெண்டு பேர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும், உதவி கேட்டு அன்னி பெசண்ட் அம்மையாரோட பத்திரிகை ஆபீசுக்குப் போனாங்க. அங்க கிடைச்சவர் பி.பி.வாடியா. பார்சிக்காரர், பிரம்மஞான சபைக்காரர். 1918 ஏப்ரல் 27ல சென்னை தொழிலாளர் சங்கம் உருவாச்சு. வாடியா தலைவர், நம்ம திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு பலரும் சொல்றது இதைத்தான்.

1920 அக்டோபர்ல கதவடைப்பு. டிசம்பர்ல போலீஸ் துப்பாக்கிச் சூடு, ரெண்டு உயிர் போச்சு. விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போச்சு.

இங்க நிறுத்தி, "கூண்டுல யாரு?"ன்னு கேட்டேன். "மில் முதலாளி!"ன்னு மொத்த வகுப்பும் கத்துச்சு.

இல்லை. வழக்குப் போட்டதே கம்பெனிதான். பிரதிவாதி வாடியாவும் அவரோட ஆட்களும். வேலை ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தொழிலாளிகளைத் தூண்டினாங்க, அதனால எங்களுக்கு நஷ்டம்னு வழக்கு.

நீதிபதியா உட்கார்ந்திருந்த பொண்ணு, நான் எழுதிக் கொடுத்த அந்தக் காலச் சட்டத்தை ரெண்டு தடவை படிச்சுது. வேப்பங்காயைக் கடிச்ச மாதிரி முகம். "சார், இதுல இருக்கறபடி பார்த்தா கம்பெனிதான் ஜெயிக்கும். சட்டமே தப்பா இருக்கு சார்."

நிஜத்துலயும் ஹைகோர்ட் வாடியாவுக்கு எதிரா தடை உத்தரவுதான் போட்டுது. கடைசில வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டே விலகறதுன்னு சமரசம் ஆச்சு. ஆனா அந்தப் பொண்ணு சொன்னதையே அன்னைக்கு நாட்டுல நிறைய பேர் சொன்னாங்க. 1921 மார்ச்ல என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டு வந்தார். 1926ல தொழிற்சங்கச் சட்டம் பிறந்துச்சு. அதோட 18வது பிரிவு என்ன தெரியுமா? தொழில் தகராறு சமயத்துல வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாங்கங்கற ஒரே காரணத்துக்காக, பதிவு பெற்ற சங்கத்து மேல சிவில் வழக்கு போட முடியாது! எந்தக் கயித்தால வாடியாவைக் கட்டினாங்களோ, அதையே அறுத்து விட்டாங்க. (2025 நவம்பர்ல அந்தச் சட்டம் போய், தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கு. அது தனிப் பதிவு.)

இத்தோட சுபம் போட்டிருப்பேன். அக்கா விடல. "1921ஐயும் சொல்லுடா"ன்னுச்சு. அந்த வருஷம் ஜூன்ல மறுபடி வேலைநிறுத்தம், மாசக்கணக்குல. ஆதிதிராவிடத் தொழிலாளிங்க நிறைய பேர் வேலைக்குத் திரும்பினாங்க. புளியந்தோப்புல கலவரம், குடிசைகளுக்குத் தீ, துப்பாக்கிச் சூடு. எம்.சி.ராஜா போன்ற தலைவர்கள் அந்த மக்கள் பக்கம் நின்னு பேசினாங்க.

"துரோகிங்க"ன்னு ஒரு பையன் சொன்னான். அக்கா முகம் மாறிடுச்சு. "அவங்களையும் சாட்சிக் கூண்டுல ஏத்திக் கேளு, அப்புறம் பேரு வை"ன்னுச்சு. கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கல. அப்புறம் முந்தின நாள் கேள்வி கேட்ட அதே லாரிக்காரர் பையன் வந்து நின்னான். "ஆறு மாசம் சம்பளம் இல்லாம இருக்கலாம்னு முடிவு பண்ணப்போ எங்ககிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"ன்னான். நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது. எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட பதிலும் இல்லை.

தீர்ப்பு சொல்லாமலே மணி அடிச்சிடுச்சு.

பின்னி மில்லை 1996ல மூடிட்டாங்க. எனக்கு ஸ்கூல்ல வரலாறுன்னா ரெண்டு மார்க் கேள்வி. சட்டம்னா ஏதோ மேல இருந்து இறங்கி வர்றதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். தோத்துப்போன ஒரு வழக்குல இருந்தும் சட்டம் வரும், ஜெயிச்ச சங்கத்துக்குள்ளயும் கேட்கப்படாத ஆள் இருப்பான்னு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்கதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க.

அடுத்த லீவுக்கு 1908 தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை எடுக்கலாம்னு அக்கா சொல்லியிருக்கு. உங்க ஊர்ப் பக்கம் இப்படி வழக்கு ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. கோர்ட் ரெடியா இருக்கு.