ஐந்து சென்ட் நாணயத்தின் வீழ்ச்சி: அமெரிக்க அன்றாட விலைகள், 1942–1960

1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பவுண்டு ரொட்டி சுமார் 14 சென்ட். ஒரு டசன் முட்டை 60 சென்ட். வீட்டு வாசலுக்கே வந்து சேரும் ஒரு குவார்ட் பால் 20 சென்ட்டுக்குச் சற்று மேல். இத்தகைய பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் படிப்பவரைப் பெருமூச்சு விட வைப்பதற்கென்றே தொகுக்கப்பட்டவை. கூலியைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்வதால் அவை வரலாற்று ஆய்வுக்கு அதிகம் உதவுவதில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் கூட்டாட்சிச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 சென்ட்டிலிருந்து 75 சென்ட்டாக உயர்ந்தது. அந்தக் கூலி வாங்கியவர் ஒரு ரொட்டிக்குப் பதினொரு நிமிடமும் ஒரு டசன் முட்டைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேலும் உழைக்க வேண்டியிருந்தது. ஒரு பவுண்டு காப்பிக்கு ஒரு மணி நேர உழைப்பும் போதவில்லை. 1940இல் சுமார் 21 சென்ட்டுக்கு விற்ற காப்பி பத்தே ஆண்டில் 79 சென்ட்டுக்கு ஏறியிருந்தது.

இந்தக் கட்டுரை பட்டியலை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு நாணயத்தின் பின்னால் போகிறது. அது மக்கள் ‘நிக்கல்’ என்று அழைத்த ஐந்து சென்ட் நாணயம். அன்றாடச் சிறு செலவுகளின் விலையைப் பல பத்தாண்டுகள் அசையாமல் பிடித்து வைத்திருந்தவை காசு போடும் துளையும், பழைய ஒப்பந்தங்களும், வாக்காளர் மீதான பயமும் என்பதே இதன் வாதம். சந்தையின் பங்கு அதில் குறைவு. போருக்குப் பிந்தைய பணவீக்கம் அந்தப் பிடியைத் தளர்த்தியபோது விலைகள் உயர்ந்தன. கூடவே பொழுதுபோக்குக்கும் செய்திக்கும் மக்கள் பணம் கொடுக்கும் முறையும் மாறிப்போயிற்று.

நிக்கல் ஆண்ட இடங்கள்

1940இல் நியூயார்க்கில் ஒரு நிக்கல் இருந்தால் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுரங்க ரயிலில் போகலாம். பொதுத் தொலைபேசியில் ஓர் உள்ளூர் அழைப்பு பேசலாம். ‘ஹார்ன் அண்ட் ஹார்டர்ட்’ நிறுவனத்தின் ஆட்டோமேட் உணவகத்தில் காசைப் போட்டு, டால்பின் தலை வடிவக் குழாயிலிருந்து ஒரு கோப்பை காப்பி பிடிக்கலாம். ஜூக்பாக்ஸ் இசைப்பெட்டியில் ஒரு பாட்டு, ஒரு புட்டி கோக்க கோலா, ஒரு ஹெர்ஷி சாக்லேட், ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதே விலைதான்.

இவற்றுள் கோக்க கோலாவின் கதை விசித்திரமானது. 1886இல் மருந்துக்கடைச் சோடா மேடையில் ஒரு கோப்பை ஐந்து சென்ட்டுக்கு விற்பனையானது அந்தப் பானம். 1899இல் சட்டநூகாவைச் சேர்ந்த பெஞ்சமின் தாமஸ், ஜோசப் வைட்ஹெட் என்ற இரு வழக்கறிஞர்கள் அதைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையைக் கேட்டார்கள். புட்டி வியாபாரம் பெரிதாக வளராது என்று நினைத்த நிறுவன அதிபர் ஆசா கேன்ட்லர் ஒரே டாலருக்கு உரிமையைக் கொடுத்தார். அந்த ஒரு டாலரையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்பார்கள். சர்க்கரைப் பாகின் விலையை நிலையாக நிர்ணயித்த அந்த ஒப்பந்தத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. பாகின் விலையை ஏற்ற முடியாத நிறுவனத்துக்கு லாபம் பெருக வேண்டுமானால் புட்டிகள் அதிகம் விற்க வேண்டும்; அதற்குச் சில்லறை விலை ஏறாமல் இருக்க வேண்டும். ஆகவே கடைச் சுவர்களிலும் பலகைகளிலும் நிறுவனமே ‘5 சென்ட்’ என்று எழுதி வைத்தது. விலையைத் தன் செலவில் ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு எந்தக் கடைக்காரர் ஆறு சென்ட் கேட்பார்? 1921இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, பாகின் விலை ஏறி இறங்க வழி கிடைத்தது. அதற்குப் பின் வந்தவை விற்பனை இயந்திரங்கள். அவை ஒரு நிக்கலை மட்டுமே விழுங்கத் தெரிந்தவை. டேனியல் லெவி, ஆண்ட்ரூ யங் ஆகிய பொருளாதார அறிஞர்கள், விலை எழுபது ஆண்டுக்கு மேல் உறைந்து நின்றதற்கு ஒப்பந்தத்தையும் இயந்திரத்தையும் சேர்த்தே காரணமாகக் காட்டுகிறார்கள்.

சுரங்க ரயிலைப் பிடித்து நிறுத்தியது வேறு கயிறு. 1904 அக்டோபர் 27 அன்று ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே கட்டணம் ஐந்து சென்ட். 1913இல் நகர நிர்வாகம் தனியார் ரயில் நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்கள் அதை நிலைப்படுத்தின. முதல் உலகப் போரின் பணவீக்கத்தில் நிறுவனங்கள் திணறியபோது, மேயர் ஜான் ஹைலன் ஐந்து சென்ட் கட்டணத்தின் காவலனாகத் தன்னை முன்னிறுத்தியே அரசியல் நடத்தினார். ஏழு சென்ட் கேட்டு வழக்காடிய நிறுவனம் 1929இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. 1940இல் நகரமே ரயில்களை வாங்கிக்கொண்டது. நஷ்டமும் கூடவே வந்தது.

போரும் உச்சவரம்பும்

1942 ஜனவரியில் அவசர விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 28 அன்று விலை நிர்வாக அலுவலகம் ஒரு பொது ஆணை பிறப்பித்தது. மார்ச் மாதத்தில் ஒரு கடை வாங்கிய மிக உயர்ந்த விலையே அந்தக் கடையின் உச்சவரம்பு என்றது அது. அந்த அலுவலகத்தில் விலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அப்போது முப்பத்து மூன்று வயதான பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த். சர்க்கரை, காப்பி, இறைச்சி, பெட்ரோல், காலணி என ரேஷன் விரிந்தது. ஆயிரக்கணக்கான உள்ளூர்க் குழுக்களில் தொண்டர்கள் கடை கடையாகப் போய் விலையைச் சரிபார்த்தார்கள். அவர்களில் பலர் இல்லத்தரசிகள்.

போர் நாணயத்தையும் விட்டுவைக்கவில்லை. நிக்கல் உலோகம் கவசத்துக்கும் ஆயுதங்களுக்கும் தேவைப்பட்டது. எனவே 1942 இறுதியிலிருந்து 1945 வரை ஐந்து சென்ட் நாணயம் செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீஸ் 9 விழுக்காடு கொண்ட கலவையில் அச்சிடப்பட்டது. எடை அதே 5 கிராம். விற்பனை இயந்திரங்கள் ஏற்கும்படியான கலவையாகத் தேடிப் பிடித்தார்கள். 1943இன் எஃகு ஒரு சென்ட் நாணயத்துக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. போலிக்காசைப் பிடிக்க இயந்திரத்துக்குள் வைத்திருந்த காந்தம் அதையும் பிடித்து வைத்துக்கொண்டது. உலகப் போரின் நடுவே ஓர் அரசு குளிர்பானப் பெட்டியின் வசதியைப் பார்த்து உலோகம் கலந்தது என்றால், அந்தத் துளை எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது புரியும்.

இதே காலத்தில் கோக்க கோலா தலைவர் ராபர்ட் வுட்ரஃப், சீருடை அணிந்த எவரும் எங்கே இருந்தாலும், நிறுவனத்துக்கு எவ்வளவு செலவானாலும், ஒரு புட்டி ஐந்து சென்ட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று அறிவித்தார். தேசப்பற்றும் வியாபாரமும் ஒரே புட்டிக்குள் அடைபட்டன. ஆனால் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ 1942லேயே பத்து சென்ட்டுக்குப் போய்விட்டது. இதழை மனிதர்கள் கையால் விற்றார்கள். மாற்ற வேண்டிய இயந்திரம் எதுவும் அங்கே இல்லை.

உடைப்பு

1946 ஜூன் 30 அன்று விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியானது. வலுவிழந்த ஒரு நீட்டிப்பு மசோதாவை ஜனாதிபதி ட்ரூமன் மறுத்துவிட்டார். ஜூலையில் உணவு விலைகள் துள்ளின. மாத இறுதியில் கட்டுப்பாடு அரைகுறையாகத் திரும்பியதும் கசாப்புக் கடைகள் காலியாயின. அக்டோபரில் இறைச்சிக் கட்டுப்பாட்டை அரசே கைவிட்டது. நவம்பர்த் தேர்தலில் ட்ரூமனின் கட்சி காங்கிரஸை இழந்தது. 1945இல் 18.0 ஆக இருந்த நுகர்வோர் விலைக் குறியீடு (1982–84இன் சராசரி 100) 1948இல் 24.1ஐ எட்டியது. மூன்றே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு.

1948 ஜூலை 1 அன்று மேயர் வில்லியம் ஓ’டுவையர் சுரங்க ரயில் கட்டணத்தைப் பத்து சென்ட் ஆக்கினார். ஐந்திலிருந்து ஏழுக்கோ எட்டுக்கோ போகாமல் நேரே இரட்டிப்பானதைக் கவனிக்க வேண்டும். நுழைவாயிலின் துளைக்கு ஒற்றை நாணயம் வேண்டும். ஐந்துக்கு அடுத்த நாணயம் பத்து சென்ட் ‘டைம்’. அதனால்தான் 1953இல் கட்டணம் பதினைந்து சென்ட் ஆனபோது, அந்த மதிப்பில் நாணயமே இல்லாமல், நகரம் தனக்கென்று ஒரு வில்லையை அச்சிட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆட்டோமேட் காப்பியும் 1950இல் அதே தாவலைத் தாவியது. நியூயார்க் பொதுத் தொலைபேசி 1951இல் தாவியது. பணவீக்கம் படிப்படியாக ஏறியது. அன்றாடச் செலவுகளோ ஒரே இரவில் இரண்டு மடங்காயின. மக்களின் நினைவில் அந்த ஆண்டுகள் அவ்வளவு கசப்பாகப் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

தாவ மறுத்தவர்கள் பொருளைச் சுருக்கினார்கள். ஹெர்ஷி நிறுவனம் கொக்கோ விலைக்கு ஏற்பச் சாக்லேட்டின் எடையைக் குறைத்தும் கூட்டியும் ஐந்து சென்ட்டை 1969 வரை இழுத்துக்கொண்டு வந்தது. படக்கதைப் புத்தகங்களும் அப்படித்தான். 1938இல் சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 64 பக்கம், பத்து சென்ட். ஐம்பதுகளின் நடுவில் பக்கம் பாதியானது. விலை 1961 வரை அதே பத்து சென்ட். சிகரெட் இயந்திரக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். 25 சென்ட் நாணயத்தை வாங்கிக்கொண்டு 23 சென்ட் பெட்டியைத் தர வேண்டியிருந்ததால், மீதி இரண்டு சென்ட்டைப் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள் முன்கூட்டியே செருகி வைத்தார்கள்.

சாக்லேட்டைப்போல் புட்டியைச் சுருக்க முடியாத கோக்க கோலா, அரசையே அணுகியது. 1953இல் வுட்ரஃப் தன் நண்பரான ஜனாதிபதி ஐசனோவருக்கு எழுதி, ஏழரை சென்ட்டில் ஒரு புது நாணயம் அச்சிடக் கேட்டார். கோரிக்கை நிதித்துறைக்குப் போய் அங்கேயே நின்றது. ஊருக்கு ஊர் புட்டி விற்பனையாளர்கள் ஆறு, ஏழு, பத்து சென்ட் என்று பிரிந்தார்கள். ஐந்து சென்ட் புட்டி 1959இல் மறைந்தது.

ஒரே காசு, ஒரே இடம் அல்ல

நிக்கலைப் பற்றி எழுதுபவர்கள் அதைச் சமத்துவ நாணயமாகப் பாடுவதுண்டு. பணக்காரரும் ஏழையும் ஒரே கோக்கைக் குடித்தார்கள் என்பார்கள். தெற்கு மாநிலங்களை மறந்தால்தான் இப்படிப் பேச முடியும். அலபாமாவின் மான்ட்கோமரியில் பேருந்துக் கட்டணம் எல்லோருக்கும் பத்து சென்ட். ஆனால் கறுப்பினப் பயணி முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கி நடந்து, பின்வாசல் வழியே ஏற வேண்டியிருந்தது. பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து 1955 டிசம்பரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது, கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான அதே பத்து சென்ட்டுக்கு ஆட்களை ஏற்றினார்கள். 45 சென்ட்டுக்குக் குறைவாக வாங்கக் கூடாது என்ற பழைய விதியை நகர நிர்வாகம் தூசிதட்டி எடுத்தது. விலை அங்கே காவல்துறையின் தடியாயிற்று. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் ஒரு பகுதியில் பொருள் வாங்கினார்கள். பணத்தைக் கடை தயங்காமல் பெற்றுக்கொண்டது. அதே கடையின் சிற்றுண்டி மேடையில் அமர்ந்து காப்பி கேட்டபோது மறுத்தது.

துளையில்லாத பெட்டி

பொழுதுபோக்கில் மாற்றம் இன்னும் ஆழமானது. 1946இல் வாரத்துக்கு எட்டு, ஒன்பது கோடிச் சீட்டுகள் விற்ற திரையரங்குகள் பத்தாண்டுகளில் அவற்றில் பாதியை இழந்தன. அந்தச் சீட்டின் விலைக்குள் செய்திப்படமும் அடக்கம். போரை அமெரிக்கர்கள் அசையும் படமாகக் கண்டது அப்படித்தான். ‘தி மார்ச் ஆஃப் டைம்’ என்ற செய்திப்படத் தொடர் 1951இல் நின்றது. ஜூக்பாக்ஸ் மட்டும் தாக்குப்பிடித்தது. சீபர்க் நிறுவனம் 1948இல் நூறு பாட்டுகள் தாங்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. தெரசா ப்ரூவர் 1950இல் புகழ்பெற்றதே பெட்டிக்குள் நிக்கல் போடுவது பற்றிய ஒரு பாட்டால்தான்; அப்போதே ஜூக்பாக்ஸ் முதலாளிகள் பத்து சென்ட்டுக்கு மாறுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1946இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பத்து அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி 375 டாலர். நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்துக்கும் மேல். ஆயினும் 1950இல் நூறு வீடுகளில் ஒன்பதில் இருந்த பெட்டி, 1960இல் எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வந்துவிட்டது. பலர் தவணையில் வாங்கினார்கள். பெட்டி வந்தபின் நிகழ்ச்சிக்குக் காசு இல்லை. காசு கேட்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1951இல் ஜெனித் நிறுவனம் சிகாகோவில் 300 குடும்பங்களுக்கு, ஒரு படம் ஒரு டாலர் என்று தொலைபேசிக் கணக்கில் எழுதிப் படம் காட்டிப் பார்த்தது. 1953 நவம்பரில் பாரமவுண்ட் ஆதரவு பெற்ற டெலிமீட்டர், கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் வீடுகளில் தொலைக்காட்சியோடு உண்டியலையே இணைத்தது. காசைப் போட்டால் புதுப்படம் தெரியும். அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது.

விளம்பரதாரர் கட்டணம் செலுத்தும் முறை வென்றது. சி.பி.எஸ்.ஸில் டக்ளஸ் எட்வர்ட்ஸும் என்.பி.சி.யில் ஜான் கேமரன் ஸ்வேஸியும் மாலைதோறும் வாசித்த பதினைந்து நிமிடச் செய்தி, கட்டணமின்றி வீட்டுக்குள் வந்தது. கேமல் சிகரெட்டின் விளம்பரப் பணத்தில் நடந்த ஸ்வேஸியின் நிகழ்ச்சிக்குப் பெயரே ‘கேமல் நியூஸ் கேரவன்’. இயந்திரத்தில் 25 சென்ட்டைப் போட்டு ஒரு கேமல் பெட்டி எடுத்தவர், வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் செய்திக்கான செலவில் ஒரு சிறு பங்கைச் சேர்த்தே கொடுத்தார்.